அக்காவைப் பாக்கப் போன வீடு

யாரும் வீட்டை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு உத்தரவு போட்ட மூணாவது வாரம், வீடுங்க ஒண்ணையொண்ணு பாக்கப் போக ஆரம்பிச்சுது. சனங்க உள்ளயேதான் இருந்தாங்க. உத்தரவுல வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

அம்பத்தூர் மணவாளனுக்குப் பூந்தமல்லியில தனியா இருக்கற கஸ்தூரி அக்காவைப் பாக்கணும். போன்ல ஒரு மணி நேரம் விடாமப் பேசற அக்கா, நாலு நாளா "ம்"முனு மட்டும்தான் சொல்லுது. அக்கா வீடு வராது. இருநூறு அடி போர்வெல் அதைப் பிடிச்சு வச்சிருக்கு.

மணவாளன் வீடும் தனியாக் கிளம்ப முடியாது. அதுக்கும் பக்கத்து வீட்டு செல்லக்கண்ணு வீட்டுக்கும் நடுவுல ஒரே செவுரு. மணவாளன் அடிச்ச ஆணி அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டதுல, ரெண்டு பேருக்கும் நாலு வருசமாப் பேச்சு கிடையாது.

மணவாளன் செவுத்தைத் தட்டினான்.

"அண்ணே, பூந்தமல்லி வரைக்கும் போவணும்."

"ஆணி அடிக்கும்போது யோசிச்சிருக்கணும்."

"அக்கா பேச மாட்டேங்குதுண்ணே."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடி நின்னுச்சு.

"சட்னி அரைச்சாச்சு. கிளம்பு."

பொழுது சாயற நேரத்துல ரெண்டு வீடும் கிளம்புச்சு. மாடித் தொட்டியில தண்ணி தளும்புச்சு. ரோட்டுல போலீஸ்காரர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்தாரு.

"எல்லாரும் உள்ளதான இருக்கீங்க?"

"உள்ளதான் சார்."

தடுப்பை நகத்திவிட்டாரு.

மேம்பாலத்து மேல ஏறினப்போ மணவாளன் பாத்தான். கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் வீடுங்க லைட்டைப் போட்டுக்கிட்டு, சத்தமில்லாம நடந்து போவுது. ஒம்போது மாடி ஒண்ணு ஓலைக் குடிசைக்கு ஒதுங்கி வழி விட்டுச்சு. மணவாளன் கன்னத்துல போட்டுக்கிட்டான். செவுத்துக்கு அந்தப் பக்கமும் அதே சத்தம் கேட்டுச்சு.

அக்கா வீட்டு ஜன்னலுக்கு நேரா ஜன்னல் வந்து நின்னுச்சு. அக்கா அவனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"ம்," அப்படின்னுச்சு. அப்புறம் பக்கத்துல எட்டிப் பாத்து, "கூட யாரு வீடு?"

"பக்கத்து வீடும்மா," செல்லக்கண்ணு குரல் குடுத்தாரு. "உங்க தம்பி அடிச்ச ஆணியிலதான் நாலு வருசமா சட்டை மாட்டறேன்."

அக்கா சிரிச்சுது. சிரிச்ச சிரிப்புல வீடு ஆடி, மண்ணு பிடியை விட்டுச்சு. வீடு எழும்புச்சு, எழும்பிக்கிட்டே போச்சு. இருநூறு அடித் தண்ணியும் தூணாட்டம் கூடவே வெளிய வந்து, அதுக்கு மேல வீடு நின்னுச்சு.

மணவாளன் அண்ணாந்து பாத்தான்.

"காத்து வருதாக்கா?"

"நல்லா வருதுடா. துணி காயப் போட்டிருக்கேன். நீங்க முன்னால போங்க, பின்னாலயே வரேன்."