சிப்பாய் தாக் தடுத்த பெனால்டி

எங்கள் நாட்டில் ஆணாகப் பிறந்தவன் ஒன்றரை வருடம் படையில் இருந்தே தீரவேண்டும். பந்து உதைப்பவனுக்கும் விலக்கு கிடையாது. ஆனால் லீக்கில் ராணுவத்துக்கென்றே ஓர் அணி உண்டு. சுமாராக ஆடுகிறவனைக்கூட அவனுடைய கிளப் அங்கே இரவல் கொடுக்கும். தலையை ஒட்ட வெட்டிவிட்டு, காலையில் அணிவகுப்பு, மதியம் பயிற்சி. ஒன்றரை வருடம் கழிந்ததும் கிளப் ஆளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், அதுவரை கிளப் பிழைத்திருந்தால்.

நான் சோரிம் நகர கிளப்பின் கோல்கீப்பர். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனி முடியாது என்ற இருபத்தேழாவது வயதில் போய்ச் சேர்ந்தேன். படையில் வயதை யாரும் பார்ப்பதில்லை. முதலில் சேர்ந்தவன் மூத்தவன், அவ்வளவுதான். என் அறையின் மூத்தவர் சார்ஜன்ட் குக் சுங்ஹா. அவருக்கு வயது இருபத்திரண்டு. எனக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருந்தது, அவருக்கு நெற்றி நிறையப் பரு இருந்தது. அவர் என்னை 'டா' போடுவார். நான் அவருடைய பனியனை மடித்து வைப்பேன்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. போர்வையின் நான்கு மூலையும் கத்தி மாதிரி நிற்க வேண்டும் என்பார், அவருடைய போர்வையும் அப்படித்தான் நிற்கும். மற்றபடி, மூத்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாம் என்ன செய்துகொண்டிருந்தாலும் போட்டுவிட்டு விறைத்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி, நம் பதவியையும் முழுப் பெயரையும் கத்த வேண்டும். வாயில் சூப் இருந்தால் விழுங்கிவிட்டுக் கத்தலாம். முதல் மாதம் யோசித்துச் செய்வோம். பிறகு நாம் யோசிப்பதற்குள் வாய் கத்தி முடித்திருக்கும். விடுப்பில் வீட்டுக்குப் போனபோது என் மனைவி தோளைத் தொட்டு எழுப்பினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அந்த வருடக் கடைசி ஆட்டம் எங்கள் ராணுவ அணிக்கும் ஹோங்போவுக்கும். எங்களுக்கு அதில் ஒன்றுமில்லை, ஏழாவதாகவோ எட்டாவதாகவோ முடிப்போம். ஆனால் ஹோங்போவும் என் சோரிமும்தான் பட்டியலின் அடியில் கட்டிப்புரண்டுகொண்டிருந்தன. கடைசியாக வரும் கிளப் நேரே இரண்டாம் டிவிஷனுக்குப் போகும். ஹோங்போ ஜெயித்தால் சோரிம் கடைசி. ஜெயிக்காவிட்டால் ஹோங்போ கடைசி. அதே நேரத்தில் வேறு ஊரில் சோரிமும் ஆடிக்கொண்டிருக்கும், ஆனால் அது தோற்றுவிடும் என்பதில் சோரிம்காரர்களுக்கே சந்தேகம் கிடையாது.

எங்கள் கிளப்புக்கு முதலாளி நகராட்சி. இரண்டாம் டிவிஷன் ஆடுவதற்கு மக்கள் வரிப்பணம் தரமாட்டேன் என்று மேயர் டிவியில் சொல்லிவிட்டார். அவர் செய்வதாகச் சொன்ன எதையும் செய்ததில்லை. செய்யமாட்டேன் என்று சொன்னதை மட்டும் தவறாமல் காப்பாற்றிவந்தார். அதாவது, சோரிம் இறங்கினால் வசந்தத்தில் நான் திரும்பிப்போக ஓர் இடம் இருக்காது.

சார்ஜன்ட் குக் யாருடைய ஆள் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஹோங்போவின் ஆள். பதினாறு வயதிலிருந்து அங்கே ஆடியவர். ஆட்டத்துக்கு மறுநாள் காலை அவருக்கு விடுதலை, நேராக ஹோங்போவுக்குத்தான் போகப்போகிறார். இரவல் ஒப்பந்தப்படி சொந்தக் கிளப்பை எதிர்த்து ஆடக்கூடாது என்பதால் அன்று அவருக்குக் கேலரியில் இடம்.

அந்த வாரம் முழுக்க ஆட்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் அது உத்தரவாகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். முந்தின நாள் மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லாத் தூங்குறியாடா?"

"தூங்குறேன், சார்ஜன்ட்."

"ரொம்பத் தூங்காத," என்றார். அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

டிசம்பர் குளிர். சார்ஜன்ட் குக் உட்பட ஆடாத சிப்பாய்கள் சீருடையில் என் கோலுக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி தாளத்தோடு கை தட்டினார்கள். இரண்டாம் பாதி முடியப்போகும் நேரம் வரை கோல் இல்லை. அப்போது எங்கள் தடுப்பாளன் ஒருவன் வழுக்கி விழுந்து ஹோங்போக்காரனின் காலை வாரினான். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

பந்தை வைத்தவன் அவர்களுடைய நெட்டைத் தடுப்பாளன் மா. அவன் பெனால்டி அடித்து நான் பார்த்ததில்லை. அவன் அம்மாவும் பார்த்திருக்கமாட்டாள். வலது பக்கம் பாய்வதென்று முடிவுசெய்தேன். உறுதியான முடிவு. முழங்கால் அந்தப் பக்கம் மடங்கவும் தொடங்கிவிட்டது. மா ஓடி வந்தான்.

"தாக் ஹியோன்சோல்!"

பின்னாலிருந்து வந்த அந்தக் குரலை நான் தூக்கத்திலும் அறிவேன். விறைத்தேன். குதிகால்கள் சேர்ந்தன, கைகள் தொடையில் ஒட்டின. "சிப்பாய்! தாக் ஹியோன்சோல்!" என்று மாவின் முகத்துக்கு நேரே கத்தினேன்.

மா பந்தை நடுவில் அடித்திருந்தான். அது என் வயிற்றில் பட்டுத் திரும்பியது. யாரோ அதை மைதானத்துக்கு வெளியே உதைத்தார்கள். நான் இன்னும் விறைப்பாகத்தான் நின்றிருந்தேன், தளரலாம் என்று யாரும் உத்தரவிடாததால்.

ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. சோரிம் எதிர்பார்த்தபடியே தோற்று, எதிர்பாராதபடி தப்பித்தது. நிருபர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அந்த நேரத்துல என்ன கத்துனீங்க?"

"என் பேரை."

"எதுக்கு?"

பயிற்சியாளர் முன்னே வந்து, "எதிராளியக் கலங்கடிக்க. மாசக்கணக்கா பயிற்சி குடுத்தோம்," என்றார். மறுநாள் பத்திரிகை என்னைப் பதறாத பாறை என்று எழுதியது.

ஆட்டம் முடிந்த அன்று மாலையே முகாம் கடையில் சார்ஜன்ட் குக் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் மாலை மூத்தவர் சின்னவர்களுக்கு வாங்கிக்கொடுப்பது வழக்கம். மைக்ரோவேவில் சூடாக்கிய கொழுக்கட்டைத் தட்டு அவர் முன்னால் தொடாமல் கிடந்தது. வேறு யாரும் வரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

"வேணும்னேதான்டா கூப்பிட்டேன்."

"தெரியும், சார்ஜன்ட்."

"நீ ஆடிப்போயிடுவேன்னு நெனச்சேன்."

"ஆடாம நின்னுட்டேன், சார்ஜன்ட்."

அவர் சிரிக்கவில்லை. "மா நடுவுல அடிப்பான்னு எனக்குத் தெரியாது. எங்க டீம்ல பெனால்டி எப்பவும் நான்தான் அடிப்பேன். நான் இல்லாததால எவன் தலையிலயோ கட்டிட்டாங்க." ஒரு கொழுக்கட்டையைக் குச்சியால் குத்தினார். "ஒண்ணு கேக்கணும். நான் கூப்பிடலேன்னா எந்தப் பக்கம் பாய்ஞ்சிருப்ப?"

நான் வலது பக்கம் போயிருப்பேன், பந்து நடுவில் நிதானமாக உள்ளே போயிருக்கும். ஹோங்போ பிழைத்திருக்கும், என் சோரிம் இறங்கியிருக்கும். அந்த ஒரு கூப்பாட்டினால் அவர் தன் கிளப்பைத் தன் வாயாலேயே இறக்கிவிட்டார். என் குடும்பம் தப்பித்ததும் அதனால்தான். அன்று முழுக்க சந்தோஷத்தை அடக்கமாட்டாமல் திரிந்தவன், அந்தப் பருமுகத்தைப் பார்த்ததும் அதற்காக வெட்கப்பட்டேன்.

"பாய்ஞ்சிருக்கவே மாட்டேன், சார்ஜன்ட். நடுவுலயே நிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். நீங்க கூப்பிட்டாலும் கூப்பிடலேன்னாலும் அதேதான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குரல் மாறியது.

"சிப்பாய் தாக்."

எழுந்து விறைத்தேன். பதவியையும் பெயரையும் கத்தினேன். கடைக்காரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"பாய்ஞ்சிருக்கவே மாட்டேன், சார்ஜன்ட்!"

"இன்னொரு தடவ."

சொன்னேன்.

"சத்தமா."

என்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னேன். பாதியில் குரல் உடைந்தது. அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, மேசையில் முகத்தைக் கவிழ்த்துச் சின்னப் பையன் மாதிரி அழ ஆரம்பித்தார்.