ஒன்பதாம் தேதிக்கு ஒரு கட்டில்

போப்பாண்டவர் நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்ட பத்து நாட்களும் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தன. 1582-ஆம் வருடம், அக்டோபர் ஐந்து முதல் பதினான்கு வரை. வானியல்காரர்கள் சூரியனை அளந்து பார்த்ததில் பத்து நாள் கூடிப்போயிருந்ததாம். ஸ்பெயின் கடற்கரையிலிருக்கும் எங்கள் ஊர் நான்காம் தேதி படுத்து, பதினைந்தாம் தேதி எழுந்தது. என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதால் வீட்டில் கட்டில்கள் காலியாக இருந்தன. பங்குச்சாமியார் நாட்களை என்னிடம் அனுப்பிவைத்தார்.

தங்கமான நாட்கள். வெள்ளிகள் இரண்டும் இறைச்சியைத் தொடாது, சாளை மீன்தான். ஞாயிறுகள் இரண்டும் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாது. மற்றவை விறகு பிளக்கும். ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. கூச்ச சுபாவம். உப்பு குறைந்தாலும் கேட்காது.

என் இளைய மகன் பிராய்ஸ், ஒன்பதாம் தேதி வீட்டுக்கு வருவதாகக் கப்பலிலிருந்து எழுதியிருந்தான். நான்கு வருடமாக அவனைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு சபேலா வந்து சொன்னாள்: "உன் மகன் ஊர்வாசலுக்கு வெளியே மூட்டை மேல உட்கார்ந்திருக்கான். உள்ள வாடான்னா, ஒன்பதாம் தேதி ஆகட்டும் அத்தைங்கிறான். பிடிவாதத்துல அப்படியே நீதான்."

நான் போய்ப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னும் வந்து சேராத மகன் தாயை எப்படிப் பார்ப்பான்? ரொட்டியை வைத்துவிட்டு, செபமாலை சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

பதினெட்டாம் தேதி மாலை, கோன்சாலோ என்கிற வானியல் உதவியாளர் கோணிப்பையோடு வந்தார். பத்து நாட்களையும் கொண்டுபோய்க் கடலில் கரைக்க வேண்டுமாம். முதலில் அவருக்குச் சூப்பு ஊற்றினேன்.

"ஐயா, ஒன்பதாம் தேதியை மட்டும் விட்டுட்டுப் போங்களேன். அது இல்லேன்னா என் மகன் வரவே மாட்டான்."

"விட்டுட்டுப் போக முடியாதும்மா. ஒரே ஒரு தடவை அதை நடக்கவிடலாம்னாலும், எங்க கணக்குல நாள் நடுப்பகல்லதான் தொடங்கும். நாளை நடுப்பகல் வரைக்கும் நான் எப்படிம்மா காத்திருப்பேன்? சூப்பு குடிச்சதும் கிளம்பணும்."

நாட்களில் மூத்தது ஐந்தாம் தேதி. அது மெல்லச் சொன்னது: "இந்த மலையில கெல்ட் ஜனங்க இருந்த காலத்துல, பொழுது சாய்ஞ்சாலே அடுத்த நாள் தொடங்கிடும்."

சன்னலுக்கு வெளியே சூரியன் கடலைத் தொட்டிருந்தது. கோன்சாலோ தன் குறிப்பேட்டைப் புரட்டினார். கெல்ட் மக்களைப் பற்றி அதில் தடை ஒன்றும் இல்லை.

கரண்டியைக் கீழே வைத்தார். "சூப்பு கொதிக்குது. ஆற நாளைக்குச் சாயங்காலம் ஆகும்போலிருக்கே."

ஒன்பதாம் தேதி கட்டிலை விட்டு இறங்கவில்லை. "என்னைத்தான் வேண்டாம்னுட்டாங்களே அம்மா."

"யார் வேண்டாம்னா என்ன? எனக்கு நீ வேணும்."

அதற்குத் தலைவாரி, நெற்றியில் சிலுவை வரைந்து, கதவைத் திறந்துவிட்டேன். ஊர்வாசல் வரை நடந்துபோனது. அது நடந்த தெருவில் மட்டும் ஒன்பதாம் தேதி ஆனது.

அந்தத் தெரு வழியாகவே பிராய்ஸ் மூட்டையோடு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தான்.

"நேரமாச்சாம்மா?"

"இல்லைப்பா. சொன்ன நாள்தான்."

அவன் பின்னால் ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இவ பிப்ரவரி முப்பது. கட்டிக்கலாம்னு இருக்கேன்."

கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. அடுப்புப் பக்கம் உட்காரவைத்துவிட்டு, பால் காய்ச்சப் போனேன்.