வெண்மதியின் விபத்துப் படிவம்

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் கைலாசநாதன் பதினோரு வருஷமாக எழுத்தர். சரக்கு இறக்கும் ஆள் யாருக்காவது அடிபட்டால் படிவம் எழுதுவது அவர் பொறுப்பு. பெயர், செய்த வேலை, வேலை ஏவியவர், அடிபட்ட நேரம், சாட்சி இரண்டு பேர். ஆளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பாதி எழுதி முடித்திருப்பார்.

மகள் வெண்மதிக்குக் கபடியில் முழங்கால் ஜவ்வு அறுந்தபோதும் அவர் கை அந்தப் படிவத்துக்குத்தான் போயிற்று. அவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம். இரண்டாம் வருஷம். கட்டணம் கிடையாது. பதிலுக்குக் காலை ஐந்து மணிப் பயிற்சி, சொன்ன இடத்தில் ஆட்டம். அடிபட்டது தாளாளர் பிறந்தநாள் கோப்பை ஆட்டத்தில். ‘செய்த வேலை: கபடி. ஏவியவர்: கல்லூரி’ என்று எழுதி, அறுவைச் சிகிச்சையைக் கல்லூரியே பார்க்க வேண்டுமென்று அடியில் சேர்த்து, மகளையும் அழைத்துப்போய்க் கல்லூரி முதல்வர் மேசையில் வைத்தார்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“என்னா சார் இது? கரி அள்ளவா அனுப்புனோம் உங்க பொண்ண? படிக்க வந்த புள்ள சார்.”

“சம்பளம் கேக்கலங்க. அடிபட்டதுக்குத்தான்…”

“இன்னைக்கு இது. நாளைக்கு ஓட்டப்பந்தயக்காரன் ஓவர்டைம் கேப்பான்.”

உடற்கல்வி ஆசிரியர் முத்தமிழ் குறுக்கே வந்தார். “அண்ணே, இத விட்டுடுங்க. சொந்த விருப்பத்துல ஆடுனேன், உதவி பண்ணுங்கன்னு புள்ள எழுதுற மாதிரி ஒரு லெட்டர் குடுங்க. டிரஸ்ட்ல பேசி ஆபரேஷனுக்கு நான் வாங்கித் தர்றேன். சீட்டும் நிக்கும்.”

“இல்லன்னா?”

“அடுத்த வருஷம் எல்லாரையும் போல ஃபீஸ் கட்டணும்.”

கைலாசநாதன் வெள்ளைத்தாள் வாங்கி எழுதத் தொடங்கினார். பெறுநர், பொருள் எல்லாம் சரளமாக வந்தன. ‘சொந்த விருப்பத்தில்’ என்ற இடத்தில் பேனா நின்றது. துறைமுகத்தில் ஒப்பந்தக்காரர் சொல்லச் சொல்ல ‘தன் கவனக்குறைவால்’ என்று எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறார்! அவர்களும் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார்கள்.

“பாப்பா, நீ ஆசப்பட்டுத்தானே ஆடுன?”

“ஆசைதாம்பா. யாரு இல்லன்னா?” கட்டுப் போட்ட காலை நீட்டியபடி வெண்மதி சொன்னாள். “ஆனா வியாழக்கிழமையே கால் வலிக்குதுன்னு சொன்னேன். சீட்டு எப்புடிக் கெடச்சுதுன்னு ஞாபகம் வச்சுக்கன்னாரு முத்தமிழ் சார்.”

முதல்வர் திரும்பிப் பார்த்தார். முத்தமிழுக்கு முகம் சிவந்தது. “நான் அணிய எறக்கலன்னா என் வேல போயிருக்கும்மா.”

“உங்களுக்காவது அதுக்கு வேலன்னு பேரு இருக்கு சார்.”

அவள் கையை நீட்டிப் படிவத்தை இழுத்தாள். அடியில் ‘பணியாளர் கையொப்பம்’ என்று அச்சடித்திருந்தது. அதன்மேல் கையெழுத்துப் போட்டாள். கைலாசநாதன் தடுக்கவில்லை, தடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தார்.

“வச்சிட்டுப் போங்க,” என்றார் முதல்வர். “ஃபீஸ் நோட்டீஸ் தபால்ல வரும்.”

அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி ஆட்டோவில் உட்கார வைத்தார். மூன்றாம் வருஷக் கட்டணம், முழங்கால், இரண்டுக்கும் அவர் ஒருவர். எதை முதலில் பார்ப்பது என்று யோசிக்கும்போதே கோட்டுச்சேரிப் பக்கம் ஆட்டோ திரும்பியது.

“அப்பா,” என்றாள் வெண்மதி. “கால் சரியாச்சுன்னா திரும்ப அணியில சேத்துப்பாங்களா?”