வயரின் நிறம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் ஆரம்பித்தது. மரம் வெட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கதை எழுதப் போகிறேன் என்று என் தம்பியிடம் சொன்னேன். அப்போது எனக்கு எழுதும் எண்ணமே இல்லை. அவன் வாயிலிருந்து ஒரு விஷயம் வரவேண்டியிருந்தது, நேராகக் கேட்கத் தைரியம் வரவில்லை. எழுதுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. வம்பு விசாரிப்பதைக்கூட ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம்.

தம்பி மரக் கம்பெனியில் மெக்கானிக். இயந்திரத்தை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவர் இப்போது பக்கத்து அறையில், காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை கம்பெனியில் விசாரணை.

2

முதல் தொடக்கம்: "காட்டின் மௌனத்தைக் கிழித்துக்கொண்டு அந்த ராட்சசன்" (அடித்துவிட்டேன். ராட்சசனும் இல்லை, மௌனமும் இல்லை. அவர் கேபினில் பழைய பாட்டு போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்.)

இரண்டாவது: "பதினெட்டு வருடமாக மரங்களைக் கொன்றுவந்த ஒருவன்" (இதையும். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் மரத்துக்காக அழுதுவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு அழவேண்டியிருப்பது ஒரு மனிதருக்காக.)

மூன்றாவது நின்றது: "மெக்கானிக் சீட்டைக் கழற்றினான்."

3

சீட்டு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் இரும்புப் பட்டைகளில் ஊர்ந்து போகும். அதற்கு நீண்ட ஒரு கை. கையின் நுனியில் மரத்தை அடியோடு கட்டிப் பிடிக்கிற தலை. பிடித்து, அறுத்து, படுக்கவைத்து, கிளைகளைச் சீவி, துண்டு போட ஒரு நிமிடம் போதும். எல்லாம் சீட்டின் இரு பக்கமும் உள்ள லீவர்களில். ஓட்டுகிறவர் எழுந்துவிட்டால் லீவர்கள் வேலை செய்யக்கூடாது. அதற்கென்றே சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது.

அன்று இயந்திரத்தின் தலையில் ஒரு கிளை சிக்கிக்கொண்டது. என் வீட்டுக்காரர் என்ஜினை அணைக்காமல் இறங்கி, கிளையை இழுத்தார். (அணைக்காதது அவர் தப்புதான். அவரும் ஒப்புக்கொள்கிறார்.) இயந்திரக் கை திரும்பி, அவர் காலை ஒரு மரத்துண்டோடு சேர்த்து நசுக்கியது.

மறுநாள் கம்பெனி சோதித்தது. சுவிட்ச் சரியாக இருந்தது. ஆகவே லீவரைப் பிடித்து இயந்திரக் கையை ஆட்டிவிட்டு, அது நிற்பதற்குள் இவர் குதித்திருக்கிறார் என்று கடிதம் வந்தது. இனி எந்த இயந்திரத்திலும் உட்காரவிட மாட்டார்களாம்.

"தண்ணி கேன் சரிஞ்சு லீவர் மேல விழுந்திருக்கும்னு நெனச்சேன்," என்றார் அவர். "ஆனா நான் எழுந்துட்டா லீவர்தான் வேலை செய்யாதே. அவங்க சொல்ற மாதிரி அவசரத்துல குதிச்சுட்டேனோ என்னவோ. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

கால் உடைந்ததைவிட இதுதான் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர், தன் ஞாபகத்தையே நம்பாமல் கிடக்கிறார்.

4

எனக்குச் சந்தேகம் வந்தது இப்படி. விபத்துக்கு முந்தின மாதம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: "மேடு பள்ளத்துல ஏறினா சீட்டு குலுங்குது, மெஷின் நின்னு நின்னு போகுது, மாப்ள." தம்பி, "விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்," என்றான். மறுநாளிலிருந்து அது நிற்கவில்லை.

என் 'ஆராய்ச்சி'க்கு அவன் இரண்டு மணி நேரம் விளக்கினான். என்ஜின், எண்ணெய்க் குழாய், தலைக்குள் உருளும் பல் சக்கரம், ஒன்றையும் விடவில்லை. சீட்டைப் பற்றிக் கேட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். மூன்று டம்ளர்.

அதன் பிறகுதான் நிஜமாகவே எழுதினேன்:

"மெக்கானிக் சீட்டைக் கழற்றினான். சுவிட்ச் தேய்ந்திருந்தது. புதியது வரப் பத்து நாளாகும். அதுவரை வேலை நின்றால் மேலாளர் குதிகுதியென்று குதிப்பார். மாமாவுக்கும் சிரமம். ஒரு துண்டு சிவப்பு வயரை எடுத்து, சுவிட்சின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கினான். இனி சீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். பத்து நாள்தானே என்று நினைத்தான். புதிய சுவிட்ச் வந்தது. கூடவே வேறு வேலைகளும் வந்தன. மறந்துபோனான். விபத்து நடந்த அன்று சாயங்காலம், எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வயரைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினான்."

(அத்தனையும் கற்பனை. அன்று அவன் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்தது மட்டும் நிஜம். வந்தவன் மாமாவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுததும் நிஜம்.)

இந்தப் பாத்திரத்தைக் கெட்டவனாக்க எனக்கு வரவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் வந்து, மாமாவைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, சவரம் செய்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். குற்ற உணர்ச்சி என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அவன் மாமாமேல் உயிரையே வைத்திருக்கிறவன். அதையும் எழுதியாகவேண்டும்.

5

எழுதியதை அவனிடம் கொடுத்தேன். "மெஷின் விஷயத்துல தப்பு இருந்தா திருத்திக் குடுடா."

தப்பைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில்கூட எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கீழே வைப்பான். இரண்டு நாள் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. 'பட்டை' அடிக்கப்பட்டு 'டிராக்' ஆகியிருந்தது. ஓரிடத்தில் 'ரம்பம்' என்று எழுதியிருந்தேன், அது 'செயின்' ஆகியிருந்தது. வயர் வருகிற இடத்தில் 'சிவப்பு' அடிக்கப்பட்டிருந்தது. மேலே பென்சிலில் ஒரே ஒரு சொல்: 'மஞ்சள்'.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கற்பனை வயருக்கு யாராவது நிறம் திருத்துவார்களா?

கைப்பழக்கத்தில் திருத்திவிட்டானா, தெரிந்தே எழுதினானா? தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தேன். மற்ற திருத்தங்கள் மறுபக்கம் தெரியவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் விரலில் தட்டுப்பட்டது.

6

முடிவு ஒன்று: விசாரணையில் அவன் எழுந்து உண்மையைச் சொல்கிறான். வேலை போகிறது.

முடிவு இரண்டு: இந்தத் தாள்களை நான் விசாரணையில் நீட்டுகிறேன். என் வீட்டுக்காரர் தப்பிக்கிறார். தம்பி அதன் பிறகு இந்த வாசற்படி மிதிப்பதில்லை.

முடிவு மூன்று: யாரும் வாய் திறக்கவில்லை. தான் குதித்ததாகவே கடைசிவரை நம்பிக்கொண்டு அவர்

(முடியவில்லை. பேனா ஓடவில்லை.)

இன்று காலை, பாதி முகத்தில் சோப்போடு அவர் கேட்டார்: "மாப்ள, மெஷின் உனக்குத் தெரியும். நீ சொல்லு. நான் குதிச்சிருப்பேனா?"

தம்பியின் கை நின்றது. அவன் கதவருகே நின்ற என்னைப் பார்த்தான்.

"அக்கா, கதை முடிஞ்சுதா?"

"இல்லடா. கடைசிப் பக்கம் பாக்கி."

"பேசினா வெட்டிரும் மாமா, அசையாதீங்க," என்று சொல்லிவிட்டு மிச்சத்தை மழித்தான்.

முடிவை உங்கள் கையில் விடுகிறேன் என்று சொல்வது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். மன்னித்துக்கொள்ளுங்கள், விட முடியாது. உங்களுக்கு முன்னால் இதைப் படிக்க வேண்டியவன் ஒருவன் இருக்கிறான். இன்று ஞாயிறு. நாளைக் காலை அவன் வருவதற்குள் இந்தத் தாள்களையும் ஒரு பென்சிலையும் சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். நான் சொன்னால் அவன் மாட்டிக்கொண்டவன். அவனே சொன்னால் அப்படி இல்லை. கடைசி வரி காலியாகவே கிடந்தால் செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு இந்தத் தாள்களோடு நான்தான் போவேன். அதையும் அவன் இங்கேயே படித்துக்கொள்ளட்டும்.

தம்பி, மஞ்சள் என்று எழுதிய கைதானே. இன்னும் கொஞ்சம் எழுது.

7

மெக்கானிக் சொன்னான்: "மாமா,