வெசனத்துக்கு ஒரு வசனம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இது அந்த ரகம் இல்லை. கடவுள் சொன்னதாக நான் சொன்ன பொய். அதுவும் நான் உபதேசியார் மகள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சந்து சந்தாக நடந்து வேதம் சொன்ன மனுசனுக்கு ஒரே பெண். அப்பா இருந்தவரை இதை எழுதத் தைரியம் வரவில்லை. போன வருசம், எண்பத்தாறில், அவர் காலமானார். இப்போது எழுதுகிறேன். [இருந்திருந்தால் சிரித்திருப்பாரோ என்று ஒரு சந்தேகம் உண்டு. அதை இங்கே இழுக்க வேண்டாம்.]

ஏழு முறை ஆரம்பித்துக் கிழித்தேன். ஒரு ஆரம்பம் இப்படி இருந்தது:

“சங்ககிரி மலைக்கோட்டையின் மேல் இளவெயில் படர, கீழே லாரிகள் வரிசையாக—”

சீ. கோட்டைக்கும் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொன்று:

“கமலவேணி ஒரு ஏழைப் பால்காரி.”

இதைப் படித்தால் சண்டைக்கு வருவாள். மூன்று எருமையும் ஒன்றரை ஏக்கர் காடும் கிணறும் வைத்திருக்கிறவளை ஏழை என்று எழுத நான் யார்? ஆனால் அவள் இதைப் படிக்கமாட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் கதை நடந்ததே அதனால்தான்.

ஒரு வருசம் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது என் பொய். அது பொய் என்று தெரிந்தால் அவள் உடைந்துவிடுவாளா? இதுதான் கதை. வேறு எதையாவது எதிர்பார்த்து வந்திருந்தால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

2

எழுபத்தொன்பது ஆனியில் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். முதலாளி பெயர் செங்கோடன். சுவரில் அவருடைய முருகன் காலண்டர் தொங்கியது. பக்கத்தில் ஒரு ஆணி கேட்டு வாங்கி என் வசனக் காலண்டரை மாட்டினேன். தினம் ஒரு தாள் கிழிக்கிற சின்னக் காலண்டர். தேதிக்குக் கீழே வேதத்திலிருந்து (பைபிளைத்தான் அப்படிச் சொல்வோம்) ஒரு வரி இருக்கும். அதை வாசித்துவிட்டுத்தான் மெஷின் உறையைக் கழற்றுவேன். முதலாளிக்கு அதில் விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. “காயிதம் நல்லா வழவழன்னு இருக்குதுங்க” என்பார்.

கமலவேணி பக்கத்து டீக்கடைக்குக் காலையில் பால் ஊற்ற வருவாள். அவள் கணவர் செல்லமுத்து எங்கள் ஆபீஸ் லாரியை ஓட்டியவர். நான் சேருவதற்கு முன்பே, சித்திரையில், நாக்பூர் தாண்டி லாரி கவிழ்ந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடக்கலாம், நடந்து பழக வேண்டும் என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். செல்லமுத்து கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் அவள் காலித் தூக்கோடு ஆபீஸ் வாசலில் சும்மா நின்றாள். முகம் வாடியிருந்தது. எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, ஊரையே தேற்றிவிடலாம் என்ற நினைப்பு. “அக்கா, ஒரு வசனம் சொல்லட்டுங்களா?” என்றேன்.

“வெசனமா? அது எங்கிட்டயே வேண்டியமட்டும் கெடக்குதுங்க அம்மிணி. நீங்க வேற எதுக்குக் குடுக்கறீங்க?”

(எங்கள் பக்கம் வெசனம் என்றால் கவலை. இழவு வீட்டில்கூட ‘வெசனப்படாதீங்க’ என்றுதான் சொல்வோம். வேதத்தில் இருக்கிற வரிக்கு வசனம் என்று பெயர் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?)

விளக்கிச் சொன்னேன். சிரித்தாள். சிரித்த பிறகும் அவளுக்கு அது வெசனம்தான். மறுநாளிலிருந்து பால் ஊற்றிய கையோடு வந்து நின்று, “இன்னைக்கு என்னங்க வெசனம்?” என்பாள். வாசிப்பேன். தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். எழுத்துத் தெரியாதவளுக்குத் தாள் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன். “ஊட்டுல இருந்தாத் தெம்புங்க” என்றாள்.

3

இனி பொய்.

ஆடி மாசம் ஒரு காலை. அவள் கண் சிவந்திருந்தது.

“ரெண்டு நாளாக் கஞ்சி குடிக்கலீங்க. என்னைய உட்ருங்கறாரு. உசுரோட இருந்து என்னத்தப் பண்றதுங்கறாரு. இன்னைக்கு வெசனத்தப் பாத்துச் சொல்லுங்க அம்மிணி. அதக் கேட்டுப்போட்டுத்தான் ஊட்டுக்குப் போவோணும்.”

காலண்டரைப் பார்த்தேன். பொல்லாதவர்களுக்கு வரப்போகிற அழிவைப் பற்றிய வரி. வேதத்தில் அதுவும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படி வாசிப்பது?

என் வாய் தானாகத் திறந்தது. [‘தானாக’ என்பது தப்பித்துக்கொள்ளும் பேச்சு. நான்தான் திறந்தேன்.]

“‘கஞ்சிய ஆத்தி வெச்சிருக்கறேன், எந்திரிச்சு வாங்க’ன்னு போட்டிருக்குதுங்க அக்கா.”

அவள் காலண்டரை எட்டிப் பார்த்தாள். பிறகு, “வாங்கன்னா போட்டிருக்குது?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேதத்தில் கடவுள் ஒரு ஆளைப் பார்த்துப் பேசினால் நீ என்பார், வா என்பார். எங்கள் ஊர் நாக்குக்கு அது வராது. ங்க போடாமல் யாரையும் கஞ்சிக்குக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை, கடவுளாக இருந்து கூப்பிட்டாலும்.

“ஆமாங்க. வாங்கன்னுதான்.”

“என்னையவுங்களா? மாமியா ஊட்டுக்கு வந்து பதிமூணு வருசமாச்சு. அந்த ஊட்டுல ஒருத்தரும் என்னைய ங்க போட்டுக் கூப்பிட்டதில்லீங்க.”

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. இரக்கமா, பயமா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை.

மறுநாள் வந்து, அவர் அரைச் சொம்புக் கஞ்சி குடித்தார் என்று சொன்னாள். அதற்கப்புறம் நான் எங்கே நிறுத்துவது? காலண்டரில் நல்ல வரியே இருந்த நாளிலும் அவளுக்கு ங்க வேண்டியிருந்தது. தினம் ஒன்று சொன்னேன். ‘எருமைக்குத் தண்ணி காட்டிப்போட்டு வாங்க, நான் இங்கயேதான் உக்காந்திருக்கறேன்.’ ‘இன்னைக்கு ஒரு அடி வெச்சாப் போதுமுங்க.’ ‘அவுரு கத்தறது உங்க மேல இல்லீங்க, வலி மேல.’ ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அச்சடித்த தாளைக் கிழித்துக் கொடுப்பேன். இரவல் வாங்காத என் முதல் எழுத்து அதுதான். எழுத்து என்று சொல்லலாமா? எழுதவில்லையே, சொன்னேன்.*

* ஞாயிறுதோறும் கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது இதையும் சேர்த்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலை மறுபடியும் செய்வேன்.

4

இந்த இடத்தில் கதை முரண்டு பிடிக்கிறது. செல்லமுத்து எனக்குப் பிடிபடவில்லை. எழுதிப் பார்த்தது:

“இருண்ட அறையில் கிடந்த அந்த மனிதனின் கண்களில்—”

கண்களில் என்ன? எனக்கென்ன தெரியும்? ஒரு வருசம் வரை நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவரை ஒரு கட்டில், ஒரு சுவர், இரண்டு வேளைக் கஞ்சி என்று மட்டும் மனசில் வைத்திருந்தேன். கமலவேணியின் கஷ்டம் என்ற அளவுக்குத்தான் அவர் எனக்கு வேண்டியிருந்தார். கதை எழுதுகிறவர்கள் இந்தத் தப்பை அடிக்கடி செய்வார்கள், ஆனால் நான் அப்போது எழுத்தாளர்கூட இல்லை.

முக்கியமான ஒன்றை நான் யோசிக்கவே இல்லை. நாக்பூர் வரைக்கும் போர்டும் பர்மிட்டும் பார்த்து லாரி ஓட்டிப் போன ஆளுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்குமா? தினம் நான் கிழித்துக் கொடுத்த தாள் யார் கைக்குப் போகிறது? டைப் ஹையர் பாஸ் பண்ணியவள், எனக்கு இது தோன்றவில்லை.

5

எண்பதாம் வருசம் ஆவணி, சனிக்கிழமை மத்தியானம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ஒரு மாட்டுவண்டி வாசலில் நின்றது. கக்கத்தில் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருவர் மெல்ல இறங்கி வந்தார். தோளில் மஞ்சப்பை. பெயர் செல்லமுத்து என்றார். நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அத்தனையும் என் காலண்டர் தாள்கள், நூல் கோத்து வைத்திருந்தார்.

“மொத நாளே பாத்துப்போட்டனுங்க அம்மிணி,” என்றார். “அவ கஞ்சிங்கறா. தாள்ல கஞ்சியக் காணோம். பொல்லாதவனுக்கு அழிவுன்னு போட்டிருக்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. லாரி கவுந்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சேன். ‘ஏனுங்க, அப்படித்தானே போட்டிருக்குது’ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். சிரிச்ச வாய்க்குக் கஞ்சியும் குடிச்சுப்போட்டேன்.”

தாள்கட்டை என் மேஜைமேல் வைத்தார்.

“அப்பறம் தெனமும் ரெண்டுங்க. நீங்க சொல்லியுட்டது ஒண்ணு, தாள்ல இருக்கறது ஒண்ணு. நீங்க சொன்னத அவ வாயால கேட்டுக்குவேன். தாள்ல இருக்கறத அவ எருமையப் பாக்கப் போனப்பறம் படிச்சுக்குவேன். ரெண்டுந்தானுங்க என்னையத் தூக்கி உக்கார வெச்சுது. எதுல எத்தனைன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது.”

“மன்னிச்சுக்குங்கண்ணா.”

“அதுக்கு வரலீங்க. நாளைக்கு அவ உங்க கோயில்ல சாட்சி சொல்றாளாமா.”

தெரியும். தை மாசத்திலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசிப் பாயில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள். கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்வதைச் சாட்சி என்போம். தனக்கும் சொல்ல இருக்கிறது என்று அவளே ஐயரிடம் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்க் கேட்டுக்கொண்டாள்.

“உங்க ஐயரு எந்த அதிகாரம், எத்தனாவது வசனம்னு கேப்பாராமா. அவ என்னத்தச் சொல்லுவா? கஞ்சி வசனத்த எடுத்து உட்டான்னா ஊரே சிரிச்சுப்போடாதுங்களா? நான் சொல்லலாம்னுதான் பாத்தேன். ஒரு வருசமா ரெண்டு பேருஞ் சேந்து என்னைய ஏமாத்துனீங்களான்னு கேட்டான்னா, அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க.”

அவர் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு, “பாத்துப் பண்ணுங்க. வாரேனுங்க” என்று எழுந்தார். நான்கு அடி வைக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

6

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்கிறேன். அவள், “எனக்கு அப்பவே தெரியுமுங்க அம்மிணி” என்று சிரிக்கி—

அடித்துவிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொள்கிற மன்னிப்பு இது. அன்று சாயங்காலம் போனது என்னவோ நிஜம். அவள் கட்டுத்தறியில் எருமையின் முன்னால் நின்று சாட்சியைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். “சபையோர்களே” என்று அதனிடம் கும்பிடு போட்டாள். படலைத் தாண்டாமலே திரும்பிவிட்டேன்.

ஆ. ஐயர் ஒன்றும் கேட்காமல் ஆமென் சொல்கிறார். சபைப் பத்திரிகை சந்தோசமாகப் போட்டுக்கொள்ளும். நடந்தது அது இல்லை.

இ. நடந்தது. நடந்தது என்று என்னால் எழுத முடிகிற வரைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் துவைத்து மடித்த சுங்கிடிச் சேலையில் வந்திருந்தாள். செல்லமுத்து உள்ளே வராமல் கதவோரம் கட்டையை ஊன்றி நின்றார். நாற்பது பேர் இருந்திருப்போம். ஐயர் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

“எம்பேரு கமலவேணிங்க. மல்லசமுத்திரத்துல பொறந்தேன். எங்கூட்டுக்காரரு ஒரு வருசமாக் கட்டில்ல கெடந்தாருங்க. இப்ப எந்திரிச்சுட்டாரு, அதா நிக்கறாரு. உங்க சாமி தெனமும் எங்கூடப் பேசுனாருங்க. அதுனாலதான் நானும் நிக்கறேன். நேத்துக்கூடப் பேசுனாரு. ‘நீங்க தூக்குனது போதுஞ் சாமி, செத்த நேரம் எம்மேல சாஞ்சுக்குங்க’ன்னாரு.”

எங்கள் பக்கம் தொட்டில் பிள்ளையும் சாமி, நரைத்தவரும் சாமி. ஆனாலும் கடவுளே ஒருத்தியைச் சாமி என்று கூப்பிட்டு அந்தக் கோயிலில் யாரும் கேட்டதில்லை. பின்னால் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள்.

நான் சிரிக்கவில்லை. அந்த வரி என்னுடையது இல்லை. ஒரு வருசத்தில் ஒரு நாளும் நான் அதைச் சொல்லவில்லை. செல்லமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, தான் இல்லை என்று தலையாட்டினார். சனிக்கிழமைத் தாளைக் கிழித்தவள் நான், அதிலும் அப்படி இல்லை.

ஐயர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுசன். கேலி பண்ணவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கண் கலங்கிப் போயிருந்தது. வேதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “எவ்வளவு ஆறுதலான வசனம்மா. எந்தப் புஸ்தகத்துல வருது? எத்தனாவது அதிகாரம்? எல்லாரும் எடுத்து வாசிப்போம்” என்றார்.

கமலவேணி கொஞ்சமும் கலங்கவில்லை. கடைசிப் பாயிலிருந்து என் பக்கம் கையைக் காட்டினாள்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அம்மிணி படிச்சவங்க, அவுங்களக் கேளுங்க.”

நான் எழுந்து நின்றேன்.

ஏழு வருசமாக இந்த இடத்தில் நிற்கிறேன். என்ன சொன்னேன் என்று எட்டு விதமாக எழுதிவிட்டேன், எட்டையும் நானே நம்பவில்லை. எனக்குத் தெரிந்தவரை அந்த வரி எந்த அதிகாரத்திலும் இல்லை. ஆனால் நேற்று அவளிடம் யாரோ அதைச் சொல்லியிருக்கிறார்கள். இதில் எதை நான் சத்தமாகச் சொல்வது?

நீங்கள் என் பக்கத்துப் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாரும் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். ஐயர் விரலை எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவள் இன்னும் உட்காரவில்லை. எத்தனாவது அதிகாரம் என்று என் காதில் சொல்லுங்கள்.