படி ஊசிப்போச்சு

கல்யாணத்துக்கு முன் தமிழே அறியாதவள், இப்போது புருஷனோடு தமிழிலேயே சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள். எல்லாம் அடுப்படியில் மாமியார் பக்கத்தில் நின்று பிடித்த தமிழ். மீந்த சாப்பாட்டை முகர்ந்து பார்த்து, "ஊசிப்போச்சு" என்று மாமியார் கொட்டுவதைக் கண்டவள், கெட்டுப்போவதெல்லாம் ஊசுவதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அன்று காலை மரப்படிகளைத் துடைக்கும்போது கீழ்ப்படிகளில் ஒன்று மெத்தை மாதிரி அமுங்கியது. துடைப்பக் கட்டையால் குத்தினாள். பொலபொலவென்று மாவாகக் கொட்டியது. உடனே தச்சுப்பட்டறையில் இருந்த புருஷனுக்கு போன் போட்டாள்.

"என்னங்க, மாடிப்படி ஊசிப்போச்சு. சீக்கிரம் வாங்க!"

"படியா? மோந்து பாத்தியா?"

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பட்டறையே கொல்லென்று சிரித்தது. "அண்ணி, ராத்திரி ஃப்ரிட்ஜில வைக்க மறந்துட்டீங்களா?" என்று எவனோ கத்தினான். அவளுக்குக் காது மடல் சுட்டது. போனை வைத்துவிட்டாள்.

அதற்குள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு மாமியார் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, இறங்காதீங்க! படி ஊசிப்போச்சு!"

மாமியாருக்கும் சிரிப்பு தாளவில்லை. காலி வாளியை ஆட்டிக்கொண்டே வந்தாள். "படி ஊசாதும்மா. சாப்பாடுதான் ஊசும். பழம்னா அழுகும். மரம்னா உளு..."

மடாரென்று ஒரு சத்தம். மாமியாரின் வலது கால் முழங்கால் வரை படிக்குள் போய்விட்டது. வாளி மட்டும் தனியாகக் கீழே இறங்கியது.

அடி ஒன்றும் பெரிதில்லை, சிராய்ப்புதான். ஆனால் காலை இழுத்தால் உடைந்த பலகையின் சிம்பு குத்தியது. மருமகள் பதறிக்கொண்டு தாங்கிப் பிடிக்க, மாமியார் நின்ற நிலையிலேயே மகனுக்கு போன் போடச் சொன்னாள்.

"டேய், படி ஊசிப்போச்சுடா!"

"அம்மா, நீயுமா?"

"ஆமாண்டா. ஊசி, அழுகி, உளுத்து எல்லாம் ஆயிடுச்சு. என் காலு உள்ள கெடக்கு. அங்கயே சிரிக்கிறியா, இங்க வந்து சிரிக்கிறியா?"

அவன் அடித்துப் பிடித்து ஓடிவந்தான். ரம்பத்தால் பலகையை அறுத்து அம்மாவை விடுவித்தான். மருந்து போட்டுவிட்டு, மதியத்துக்குள் புதுப் பலகையும் அறைந்தான். மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"மரம்னா உளுத்துப்போச்சுன்னு சொல்லணும்," என்றான் மெல்ல.

"பொண்டாட்டி சொன்னா காதுல வாங்காத ஆளை என்னன்னு சொல்லணும்?"

"அந்த வார்த்தை எனக்குத் தெரியும், அப்புறமா சொல்றேன்," என்றாள் மாமியார் நாற்காலியிலிருந்து.

மருமகள் புதுப் பலகையில் ஏறி, இரண்டு காலாலும் ஓங்கிக் குதித்தாள். அசையவில்லை.

"ஓரத்துல இன்னும் ரெண்டு ஆணி அடிங்க," என்றாள்.

அவன் உடனே சுத்தியலை எடுத்தான்.