இரண்டாவது பிரேக்

"காலை எடுத்துராதிய. மிதிச்சது மிதிச்சபடியே இருக்கட்டும்."

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன் அண்ணே."

"இப்ப என்ன செய்யுது?"

"இறங்குது. மெதுவா... கீழ போயிட்டே இருக்கு."

சண்முகப்பிரியாவின் பாதத்துக்கு அடியில் பெடல் நழுவிக்கொண்டிருந்தது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் தூங்கிச் சரிவதைப் போல, அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியில் அது தரையைத் தொட்டது. அப்பாவுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

"இப்ப காலை எடுத்துட்டு டப்பு டப்புன்னு நாலு தடவ மிதிங்க" என்றார் யஹ்யா. தென்காசியில் அப்பாவின் அம்பாசடரைப் பதினாறு வருடமாகப் பார்த்துவருகிற மெக்கானிக்.

"இப்ப கல்லு மாதிரி நிக்குது."

"நிக்கும். விடாம அழுத்துங்க."

அழுத்தினாள். பெடல் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, பழையபடி இறங்கத் தொடங்கியது.

யஹ்யா செல்போன் வெளிச்சத்தில் நான்கு சக்கரங்களையும் பார்த்தார். அடியில் படுத்துக் குழாய்களைத் தடவினார். எழுந்து விரல்களைக் காட்டினார். வெறும் சேறு. "வெளிய ஒரு சொட்டு ஒழுகல. உள்ளுக்குள்ளேயே போவுது. சரிவுல வரும்போது அண்ணாச்சி மெதுவா மிதிச்சிட்டே வந்திருப்பாவ. அங்கனதான் காலை வாரிட்டு."

"அப்ப அப்பா கால்ல ஒண்ணுமில்லையா?"

"நான் வண்டிக்குத்தான் வைத்தியம் பாக்கேன். கால பத்தி எனக்கென்ன தெரியும்? வண்டியில கோளாறு இருக்கு. அத எங்க வேணாலும் சொல்லுவேன்."

அவளுக்கு அது போதும் என்றிருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்னால், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஐந்தருவிக்குப் போகிற வளைவில் அப்பாவின் கார் மூக்கம்மாளின் பழக்கடைக்குள் மெல்லப் புகுந்தது. யாருக்கும் அடியில்லை. ரம்புட்டான் கூடை சரிந்து பழங்கள் ரோடெங்கும் ஓடின. சுற்றுலா வந்தவர்கள் சிரித்துக்கொண்டே பொறுக்கிக் கொடுத்தார்களாம். வீட்டுக்கு வந்து அப்பா குத்தாலிங்கம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "பெடல் கீழ போயிட்டு." யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை. செருப்பு நழுவி விழுந்தாலும் தெரியாமல் நடக்கிறவர். போலீஸில் இருக்கிற அண்ணன் விஸ்வநாதன் மதுரையிலிருந்து போனிலேயே, அப்பா இனி ஓட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். சுரண்டையில் ஒரு ஆள் வண்டியை விலைக்குக் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார் என்றும் ஏற்பாடு செய்துவிட்டான்.

அதுகூட அவளைக் கோயம்புத்தூரிலிருந்து கிளப்பவில்லை. நாலாம் நாள் போனில் அப்பாவே சொன்னதுதான் கிளப்பியது. "காலுதான் போல, ஏட்டி. எனக்கே சரியாச் சொல்லத் தெரியல." நாற்பது வருடம் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு, அந்த ரோட்டின் ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக ஓட்டிய மனிதர் தன் காலையே சந்தேகப்படுகிறார். அன்று இரவே பஸ் ஏறிவிட்டாள்.

யஹ்யா பானெட்டைத் தூக்கி, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு மூக்கை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"இதென்ன இது? மூடியத் திறந்தா பழைய குத்தால அருவியில நிக்குத மாதிரி மணக்கு!"

பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி ஒரு டீ கிளாஸில் விட்டார். கிளாஸில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. அடியில் கலங்கிய பழுப்பு. மேலே, இலைப்பச்சை ஓடிய தடித்த மஞ்சள். பச்சிலையும் கற்பூரமும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை பட்டறை முழுக்கப் பரவியது.

"மாலிஷ் எண்ணெய்" என்றார் யஹ்யா. சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "வண்டிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டிருக்கியளே! இது பட்டா உள்ள இருக்குத ரப்பர் எல்லாம் ஊதிப்போவும். ஊதுன ரப்பர் எதப் பிடிச்சு நிறுத்தும்? எந்தப் புண்ணியவான் ஊத்துனான்?"

பிரியா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றாலத்து டிரைவர்கள் எல்லோருடைய டிக்கியிலும் அந்த எண்ணெய் இருக்கும். ஆட்களை அருவியில் இறக்கிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு வேலையில்லை. பழக்கமான மாலிஷ்காரரிடம் சொந்த எண்ணெயைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டு அவர்களும் அருவியில் நிற்பார்கள். அப்பா தன்னுடையதை, கழுவிக் காயவைத்த பிரேக் ஆயில் பாட்டிலில்தான் ஊற்றி வைப்பார். எந்த மேட்டில் ஏறினாலும் அந்த மூடி கசியாது என்பார். சித்திரையில் லீவுக்கு வந்தபோது, அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த மதியம், காரைத் துடைக்கப்போனவள் பானெட்டையும் திறந்து பார்த்தாள். டப்பாவில் அளவு கோட்டுக்குக் கீழே இருந்தது. டிக்கியில் பாட்டில் இருந்தது. அவளுக்கு ஜலதோஷம், மூக்கடைப்பு; வாசனை எதுவும் தெரியவில்லை. ஊற்றினாள். அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்ததில் ஒரு சந்தோஷம் இருந்தது. கோயம்புத்தூர் போகிற வழியெல்லாம் அந்தச் சந்தோஷம் கூடவே வந்தது.

"நான்தான் அண்ணே."

யஹ்யா சிரிப்பை நிறுத்தினார். கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்தார். "ரப்பர் அத்தனையும் மாத்தணும். குழாயெல்லாம் கழுவணும். மூணு நாள் ஆவும்" என்றார். பிறகு, "அண்ணாச்சிகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்லுதேன்."

சொல்லவில்லை. மூன்று நாளும் அப்பாவின் முன்னால் சாப்பிட்டாள், அவரோடு டிவி பார்த்தாள். அவர் அடிக்கடி வலது காலை நீட்டி, கட்டைவிரலை மடக்கி விரித்து, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை வண்டியை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினாள். "வாங்கப்பா, ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நாளைக்கு ஆள் வந்து எடுத்துட்டுப் போவப் போறான். இப்ப என்னத்துக்கு?"

"சும்மாதான்."

அவர் பழக்கத்தில் வலது பக்கக் கதவுக்குப் போனார். நின்றார். சுற்றிவந்து இடது பக்கம் ஏறினார்.

அந்த இருக்கை அவளுடையது. சீசன் நாட்களில், பள்ளிக்கூடம் இல்லாதபோது, அப்பாவுக்கும் முன்சீட்டில் வருகிற சுற்றுலாக்காரருக்கும் இடையில் நெருக்கி உட்கார்ந்துகொள்வாள். பின்னால் ஈரத்துண்டும் சீயக்காயும் மணக்கும். வளைவு வந்தால் அப்பா பிரேக்கை மிதிப்பார். அவளும் கூடவே தரையை ஓங்கி மிதிப்பாள். மிதிக்காவிட்டால் வண்டி நிற்காது என்று உண்மையாகவே நம்பினாள். வருகிறவர்களிடம் அப்பா பெருமையாகச் சொல்வார்: "நம்ம வண்டிக்கு ரெண்டு பிரேக்கு கேட்டியளா. ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு எம்மவகிட்ட."

இப்போது சாரல் கண்ணாடியில் மாவு சலித்ததுபோல விழுந்துகொண்டிருந்தது. மலை பாதிக்கு மேல் இல்லை. வளைவு நெருங்கியது. அவள் பெடலை மெதுவாக மிதித்து, அப்படியே பிடித்திருந்தாள். அது நழுவவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்ட அப்பாவின் வலது கால், ஒன்றுமே இல்லாத தரையை இறுக்கி மிதித்துக்கொண்டிருந்தது.

மூக்கம்மாளின் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். மூக்கம்மாள் கூடையைக் கையால் மறைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இன்னைக்கு மங்குஸ்தான்! விலை கூட, பாத்து!" என்று கத்தினாள். அப்பா சிரிக்க முயன்றார்.

"அப்பா, உங்க காலு இல்ல. நான் சித்திரையில வந்தப்ப பிரேக் ஆயில் குறைஞ்சிருக்குன்னு டிக்கியில இருந்த பாட்டில எடுத்து ஊத்துனேன். அது உங்க எண்ணெய். ரப்பர் எல்லாம் ஊதிப்போச்சு. யஹ்யாண்ணன் கழட்டிக் காட்டுனாரு. நாந்தாம்ப்பா."

வைப்பர் இரண்டு தடவை போய்வந்தது.

"வாசனை வந்திச்சா?" என்றார்.

"பட்டறை பூரா."

"நல்ல எண்ணெய் அது" என்றார். குரல் பாதியில் உடைந்தது. சிரிக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து தன் பாதத்தைக் கையால் தொட்டார். விரல் நகத்தால் உள்ளங்காலில் ஒரு கோடு கிழித்தார். தெரிகிறதா, தெரியவில்லையா என்று அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

பிரியா எஞ்சினை அணைத்தாள். இறங்கி, சாரலில் நனைந்துகொண்டே காரைச் சுற்றிப்போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சாவி அவள் உள்ளங்கையில் இருந்தது. அதன்மேல் நுண்ணிய துளிகள் சேர்ந்துகொண்டே வந்தன. அப்பாவின் கால் மறுபடியும் தரையை மிதித்தபடி இருந்தது.

"வீடு வரைக்கும் நீங்க ஓட்டுங்கப்பா."